பணிஸும் பாடசாலைத் தோட்டமும்

என்ர அம்மம்மாவிட்ட அவ படிச்ச காலத்தைப் பற்றிக் கேட்டால் முதலில் வாறது பாடமும் இல்லை, வாத்தியாரும் இல்லை. பணிஸ். "வரிசையில நிண்டு வாங்குவம். கையில வாங்கேக்கயே மணக்கும் பிள்ளை" என்று சொல்லுவா. அவ பிறந்தது 1950இல். அவ முதலாம், இரண்டாம் வகுப்புப் படித்த காலத்தில் கல்வி அமைச்சராக இருந்தவர் டபிள்யூ. தஹநாயக்க. 1959இல் பண்டாரநாயக்க கொல்லப்பட்ட பிறகு கொஞ்சக் காலம் பிரதமராகவும் இருந்தவர். ஆனால் சனம் அவருக்கு வைத்த பெயர் 'பணிஸ் மாமா'. பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பணிஸ் கொடுத்ததால் வந்த பெயர் அது.

இந்தக் கதையை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். போன விடுமுறையில்தான் ஒரு விஷயம் உறைத்தது. அம்மம்மாவின் தகப்பன் தோட்டம் செய்தவர். பள்ளிக்கூட வேலிக்கு அங்கால குரக்கன், மரவள்ளி, பயறு எல்லாம் விளைஞ்சிருக்கு. வேலிக்கு இஞ்சால பிள்ளைகள் சாப்பிட்டது கோதுமை மா. கோதுமை இலங்கையில் விளைகிற சாமான் இல்லை, கப்பலில்தான் வர வேணும். "அப்ப ஏன் அம்மம்மா, உங்கட அப்பான்ர பயறை அவிச்சுத் தரேல்லை?" என்று கேட்டேன். அவ சிரிச்சுப்போட்டு, "அதை ஆர் வாங்கிறது?" என்றா.

அந்தக் கேள்வியோடுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினேன். எங்கட நாட்டில் பள்ளிக்கூடத்தையும் வயலையும் இணைக்கிற முயற்சி நூறு வருசத்துக்கு மேலாக நடக்கிறது. ஆனால் அதில் பெரும்பாலானவை பிள்ளையின் கையில் மண்வெட்டியைக் கொடுத்த முயற்சிகள். பக்கத்துத் தோட்டத்து விளைச்சலை வாங்குவது பற்றிய பேச்சை அவற்றில் காண்பது அரிது.

தொடக்கம் பிரித்தானியர் காலம். 1900களின் தொடக்கத்திலேயே இங்கே பாடசாலைத் தோட்டங்கள் இருந்தன. அவற்றை மேற்பார்வை செய்யத் தனியாக ஓர் அதிகாரியும் இருந்தார். 1904இல் இலங்கை விவசாயச் சங்கம் உருவானது. புதிய பயிர்களையும் புதிய முறைகளையும் பிள்ளைகள் மூலம் கிராமத்துக்குள் கொண்டுபோகலாம் என்பது இப்படியான தோட்டங்களுக்குப் பின்னால் இருந்த எண்ணம். தலைமுறை தலைமுறையாகத் தோட்டம் செய்த தகப்பனுக்குப் பத்து வயது மகன் வந்து பாடம் எடுக்க வேணும்! அந்த வீடுகளில் இதை எப்படிப் பார்த்திருப்பினம் என்று யோசித்துப் பாருங்கோ.

அடுத்த பெரிய முயற்சி 1932இல் கண்டிக்குப் பக்கத்தில் உள்ள ஹந்தெஸ்ஸவில் தொடங்கிய கிராமியக் கல்வித் திட்டம். அப்போது கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. கிராமத்தின் தொழில், சுகாதாரம், சுற்றாடல் எல்லாவற்றையும் பாடத்துக்குள் கொண்டுவந்த திட்டம் அது. காந்தியின் ஆதாரக் கல்வி பற்றிய வார்தா மாநாடு நடந்தது 1937இல். அதற்கு ஐந்து வருசத்துக்கு முதலே இங்கே இது தொடங்கிவிட்டது. அந்த வகையில் நாங்கள் பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

ஆனால் திட்டம் நிலைக்கவில்லை. கிராமத்துப் பெற்றோர் அதைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். காரணம் விளங்காத ஒன்றல்ல. அந்தக் காலத்தில் அரசாங்க உத்தியோகத்துக்கு வழி ஆங்கிலப் பாடசாலை. அங்கே படிக்கக் காசு வேணும். காசு உள்ளவனின் பிள்ளை ஆங்கிலம் படிக்க, கிராமத்துப் பிள்ளை மட்டும் பள்ளிக்கூடத்திலும் மண் கொத்த வேணுமெண்டால் அது என்ன கல்வி? 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி வந்தபோது கிராமங்கள் அதைப் பிடித்துக்கொண்ட வேகத்தைப் பார்த்தால், அவர்கள் பள்ளிக்கூடத்திடம் கேட்டது என்ன என்பது தெரியும். கிராமத்தை விட்டு வெளியே போகவும் ஒரு கதவு திறந்திருக்க வேணும் என்றுதான் கேட்டார்கள்.

இதே கதை 1972இல் திரும்பவும் நடந்தது. சிறிமாவோ அரசின் கல்விச் சீர்திருத்தத்தில் சாதாரண தரத்துக்குப் பதிலாகப் புதிய பரீட்சை வந்தது. அதோடு தொழில்முன்னிலைப் பாடங்களும் வந்தன. விவசாயம், மீன்பிடி, மட்பாண்டம் என்று அந்தந்த ஊரின் தொழிலைப் பிள்ளைகள் பாடசாலையிலேயே படிக்க வேணும். கடதாசியில் பார்த்தால் அருமையான யோசனை. ஆனால் அதே காலத்தில்தான் தரப்படுத்தலும் வந்தது. பல்கலைக்கழகக் கதவு ஒடுங்கிக்கொண்டு போகிற நேரத்தில், "உங்கட பிள்ளைக்கு விவசாயம் படிப்பிக்கிறம்" என்று சொன்னால் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? 1977இல் ஆட்சி மாறியதோடு அந்தப் பரீட்சையும் பாடங்களும் போயின.

இந்த இடத்தில் பலர் சொல்லும் முடிவு ஒன்று இருக்கிறது: "எங்கட சனத்துக்குப் படிச்சால் மண்ணில இறங்க வெக்கம்." நானும் இதை நம்பிக்கொண்டிருந்தேன். அம்மப்பாவின் கதை அதை மாற்றியது.

அம்மப்பா சாதாரண தரம் சித்தியடைந்தவர். வேலை கிடைக்காமல் இருந்தவருக்கு விசுவமடுவில் காணி கிடைத்தது. 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்களில் விசுவமடுவும் முத்தையன்கட்டும் முக்கியமானவை. காடாகக் கிடந்த இடங்களில் படித்த பெடியள் வந்து இறங்கினார்கள். 1970இல் வந்த அரசு வெளிநாட்டு மிளகாய், வெங்காயத்தின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. செத்தல் மிளகாய்க்கு நல்ல விலை வந்தது. அந்தக் காலத்தில் மிளகாய்க் காசில்தான் வீடு கட்டினது, பெண்டுகளுக்கு நகை செய்தது என்று அம்மம்மா இன்றைக்கும் கணக்குச் சொல்லுவா.

கவனியுங்கோ. இவர்கள் யாருக்கும் பாடசாலைத் தோட்டம் வைத்து மண்ணின் அருமையைப் படிப்பிக்கத் தேவையிருக்கவில்லை. காணி, தண்ணி, விளைச்சலுக்கு வாங்குகிற ஆள். இந்த மூன்றும் இருந்தவுடன் படித்தவர்கள் தாங்களாகவே மண்ணில் இறங்கினார்கள். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டு விலை விழுந்தபோது அடி வாங்கியதும் இவர்கள்தான். பிறகு வந்த யுத்தம் மிச்சத்தையும் கொண்டுபோனது. ஆக, பள்ளிக்கூடத்தில் எத்தனை பாத்தி கட்டினோம் என்பது இந்தக் கதையைத் தீர்மானிக்கவில்லை. விளைஞ்சதை ஆர் வாங்கினது என்பதுதான் தீர்மானித்தது.

இனி இன்றைக்கு வருவோம். என்ர சித்தி ஒரு ஆரம்பப் பாடசாலைக்கு மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிறா. பாடசாலையிலிருந்து நடக்கிற தூரத்தில் கீரை, பயற்றங்காய், கத்தரி, பூசணி எல்லாம் இருக்கு. கோழி வளர்க்கிற வீடுகளும் இருக்கு. ஆனால் சித்தியின் சட்டியில் அடிக்கடி வேகுவது இறக்குமதியான மைசூர்ப் பருப்பும் சோயாமீற்றும். ஏன் என்று கேட்டேன். "காசு ரெண்டு மூண்டு மாசம் பிந்தித்தான் வரும். கடைக்காரர் கடன் தருவார். கீரை விக்கிற அக்காவிட்ட நான் எப்பிடி மூண்டு மாசக் கடன் கேக்கிறது?"

எனக்கு இதுதான் முழுக் கதையையும் திறந்துவிட்டது. சித்திக்கு உள்ளூர் மரக்கறியின் சத்துத் தெரியாமல் இல்லை. கீரை விக்கிற அக்காவுக்கு விளைவிக்கத் தெரியாமலும் இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நேரத்துக்கு வராத காசு நிற்கிறது. கடன் தாங்கக்கூடிய பெரிய கடை உள்ளே வருகிறது, தாங்க முடியாத சின்னத் தோட்டம் வெளியே நிற்கிறது.

இதை வேறு விதமாகச் செய்ய முடியாதா? பிரேசில் 2009இல் ஒரு சட்டம் போட்டது. பாடசாலை உணவுக்காக மத்திய அரசு கொடுக்கும் பணத்தில் குறைந்தது 30%, குடும்ப விவசாயிகளின் விளைபொருட்களை வாங்கச் செலவிடப்பட வேணும் என்று அந்தச் சட்டம் சொன்னது. எல்லா ஊர்களும் அந்த அளவை எட்டிவிடவில்லை. ஆனால் விவசாயிக்கு ஓர் உறுதி கிடைத்தது: பாடசாலை நாளைக்கும் சாப்பாடு போடும், அதற்கு ஆராவது வாங்கத்தான் வேணும். இலங்கையிலும் உலக உணவுத் திட்டத்தின் உதவியோடு, பாடசாலைக்குச் சமைக்கும் பெண்களுக்குத் தோட்டமும் கோழி வளர்ப்பும் செய்ய ஆதரவு கொடுக்கும் முயற்சிகள் நடக்கின்றன. நல்ல விஷயம். ஆனால் உதவி முடிந்த பிறகும் நிற்க வேணுமெண்டால், காசு நேரத்துக்கு வருகிற ஒழுங்கும், இவ்வளவு பங்கு ஊருக்குள்ளேயே வாங்க வேணும் என்ற விதியும் தேவை.

பாடசாலைத் தோட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு விதை முளைக்கிறதைப் பார்ப்பது எந்தப் பிள்ளைக்கும் சந்தோசம். ஆனால் அதைச் சாப்பாட்டுப் பிரச்சினைக்குத் தீர்வாகக் காட்டும்போதுதான் எனக்கு ஹந்தெஸ்ஸ ஞாபகம் வருகிறது. 2022 நெருக்கடியில் அரச ஊழியருக்கு வீட்டுத்தோட்டம் செய்ய வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். நான் படித்த பாடசாலையிலும் பாத்தி கட்டினோம், கத்தரி நட்டோம், படம் எடுத்தோம். பிறகு எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடப்பட்டன. திரும்பிப் போனபோது கன்றுகள் காய்ந்துபோய்க் கிடந்தன. அதே நாட்களில் பின்வேலிக்கு அங்கால ஒரு ஐயா கிணற்றில் இருந்து அள்ளி ஊற்றிக் கத்தரி காய்க்க வைத்திருந்தார். எங்கட பாடசாலை அவரிடம் ஒரு கிலோகூட வாங்கவில்லை.

அம்மம்மாவின் கேள்வி அப்படியே கிடக்கிறது. அதை ஆர் வாங்கிறது?