ஆலை விடுதிகள் (திருவள்ளூர் மாவட்டம்)

கும்மிடிப்பூண்டி சிப்காட், அதை ஒட்டிய கவரைப்பேட்டை வட்டாரத்து உருக்காலைகளிலும் வார்ப்படப் பட்டறைகளிலும் பீகார், ஒடிசா முதலிய மாநிலத்தவர் பெருமளவில் வேலை செய்கின்றனர். இவர்களில் பலருக்கு நிறுவனமோ ஒப்பந்தக்காரரோதான் தங்குமிடம் தருகிறார். வாடகை ஒப்பந்தம் கிடையாது. வேலை போனால் கூரையும் போகும். விடுதியில் தண்ணீர் வரவில்லை என்று முறையிடக்கூடத் தயங்குவது இதனால்தான்.

ஆலை விடுதிகளின் நிலையை நாடறியச் செய்தது இதே மாவட்டத்தின் பூந்தமல்லிப் பகுதி விடுதி. சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையின் பெண் தொழிலாளர்கள் அங்கே தங்கியிருந்தனர். 2021 டிசம்பரில் விடுதி உணவால் நோயுற்று 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழிகள் என்ன ஆனார்கள் என்று சரியான தகவல் கிடைக்காமல், இறந்துவிட்டதாக வதந்தி பரவவே, சக தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தனர். சமையற்கூடத்தில் எலிகளும் மோசமான வடிகாலும் இருந்ததைக் கண்ட உணவுப் பாதுகாப்புத் துறை அதை மூடியது. அறைகளில் பலர் நெருக்கியடித்துத் தரையில் படுத்ததும் அப்போதுதான் வெளிவந்தது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்றவையல்ல என ஒப்புக்கொண்ட ஆப்பிள், ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. போராட்டத்தால் மூடப்பட்ட ஆலை 2022 ஜனவரியில் மீண்டும் இயங்கியது.

வெளிமாநிலத்தவருக்குத் தகுந்த தங்குமிடமும் இலவச மருத்துவமும் ஒப்பந்தக்காரரின் கடமை என்று 1979ஆம் ஆண்டுச் சட்டமே கூறியது; அமலாக்கம்தான் எப்போதும் நொண்டியது. ஃபாக்ஸ்கான் தொழிலாளர்களுக்கோ, 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் சார்பில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. கும்மிடிப்பூண்டிப் பக்கத்து உலைத் தொழிலாளர்மீது உலகச் சந்தையின் பார்வை அந்த அளவுக்கு விழவில்லை. அவர்கள் உருக்கும் கம்பியில் ஆப்பிள் முத்திரை இல்லையே.