செப்டம்பர் 10: புள்ளலூரில் ஒன்று, வங்கக் கடலில் ஒன்று

முதலில் ஒரு திருத்தம். சில வருஷம் முன்னால் புள்ளலூர் பற்றி இங்கே ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். அங்கே வயல் நடுவில் நிற்கிற இரண்டு நினைவுத்தூண்களும் 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி போரில் செத்தவர்களுக்கு வைத்தது என்று அதில் அடித்துச் சொல்லியிருந்தேன். போன மாதம் நண்பர் ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு போன் பண்ணினார். "என்ன சார், கல்லுல 1781-னு இருக்கு?" என்றார். தப்பு என்னுதுதான். ஊர்க்காரன் நானே பல பேரைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கல் முன்னால் நின்று தப்பாகக் கதை சொல்லியிருக்கிறேன்.

திருத்துவதற்காக மறுபடி உட்கார்ந்து படித்ததில் விஷயம் பெரிசாகிவிட்டது. அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டு போனால் 134 வருஷம் கழித்து அதே செப்டம்பர் 10-இல், முதல் உலகப் போரில், நமக்குப் பக்கத்துக் கடலிலேயே இன்னொரு சம்பவம் நிற்கிறது. தேதி ஒன்றாக இருப்பது தற்செயல், அதில் ஜோசியம் பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இரண்டிலும் பீரங்கிக்கு முன்னால் தகவல்தான் தோற்றிருக்கிறது என்று பட்டது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

காஞ்சிபுரத்திலிருந்து புள்ளலூர் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். பைக்கில் அரைமணி நேரம். மகேந்திரவர்மன் தன் எதிரிகளைப் புள்ளலூரில் அழித்ததாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிற அதே ஊர். (சிவகாமியின் சபதம் படித்தவர்களுக்கு அந்தப் பேர் ஞாபகம் இருக்கும்.) ஆக, இந்த ஊர் வயல் பார்த்த யுத்தம் ஒன்றிரண்டு இல்லை.

1780-க்கு வருவோம். இந்தச் சண்டையின் ஆரம்பம் அமெரிக்காவில் இருக்கிறது. அமெரிக்கக் குடியேற்றங்கள் இங்கிலாந்தை எதிர்த்துச் சண்டை போட, 1778-இல் பிரான்ஸ் அமெரிக்கர் பக்கம் சேர்ந்தது. உடனே இந்தியாவில் இருந்த பிரெஞ்சுத் துறைமுகங்களைக் கம்பெனி பிடிக்க ஆரம்பித்தது. 1779 மார்ச்சில் மாஹேயையும் பிடித்தார்கள். மாஹே தன் பாதுகாப்பில் இருக்கிறது என்று ஹைதர் அலி முன்னாலேயே சொல்லி வைத்திருந்தார். அவருக்கு ஆயுதமும் தளவாடமும் வந்த வழி அது. விளைவு, 1780 ஜூலையில் ஹைதர் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படையோடு மலை இறங்கி ஆற்காட்டுச் சீமைக்குள் வந்துவிட்டார். மதராஸ் கவுன்சிலில் இதை முதலில் யாரும் நம்பவில்லை. பரங்கிமலை மேலிருந்து பார்த்தால் கிராமங்கள் எரிகிற புகை தெரிந்த பிறகுதான் நம்பினார்கள் என்று அந்தக் கால எழுத்துகளில் இருக்கிறது. முதல் தகவல் கோட்டை அங்கேயே விழுந்துவிட்டது.

கம்பெனி போட்ட திட்டம் காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. பக்சார் போரில் ஜெயித்த சர் ஹெக்டர் மன்றோ பரங்கிமலையிலிருந்து ஐயாயிரம் சொச்சம் பேரோடு காஞ்சிபுரம் வருவார். குண்டூர்ப் பக்கம் இருந்த கர்னல் வில்லியம் பெய்லி 2,800 பேரோடு தெற்கே இறங்கி வருவார். இருவரும் காஞ்சிபுரத்தில் சேர வேண்டும். மன்றோ ஆகஸ்ட் 29-ஆம் தேதி ஊருக்குள் வந்துவிட்டார். கோயில் மதிலையே கோட்டையாக வைத்துக்கொள்வது அந்தக் காலத்து எல்லாப் படைகளுக்கும் வழக்கம். கர்நாடகப் போர்கள் முழுக்க நம்ம ஊர்க் கோயில்களுக்கு அந்தக் கதிதான். மன்றோவின் அரிசியும் மூட்டை முடிச்சும் கோயிலுக்குள் போயின.

பெய்லியின் கதை கேட்டால் வயிறு எரியும். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் கொசஸ்தலை ஆற்றுக்கு வந்து சேர்ந்தார். ஆற்றில் தண்ணீர் இல்லை, அப்படியே நடந்து தாண்டியிருக்கலாம். காலையில் தாண்டிக்கொள்ளலாம் என்று வடகரையிலேயே கூடாரம் போட்டார். ராத்திரி எங்கேயோ மேற்கே மழை. விடிந்து பார்த்தால் ஆறு கரை புரள்கிறது. செப்டம்பர் முதல் வாரம் வரை அந்தக் கரையிலேயே உட்கார வேண்டியதாயிற்று. இந்த ஜில்லாவில் வளர்ந்த யாரையாவது கேட்டிருந்தால், காய்ந்து கிடக்கிற ஆற்றை நம்பாதே, இன்றைக்கே தாண்டிவிடு என்று சொல்லியிருப்பார்கள். பாலாறும் கொசஸ்தலையும் நமக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது.

அந்த இடைவெளி ஹைதருக்குப் போதும். ஆற்காட்டு முற்றுகையை விட்டுவிட்டு மன்றோவுக்கும் பெய்லிக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டார். மகன் திப்புவைப் பெய்லி பக்கம் அனுப்பினார். செப்டம்பர் 6-ஆம் தேதி பெரம்பாக்கத்தில் திப்பு தாக்க, பெய்லி சமாளித்துவிட்டார். ஆனால் இனித் தனியாக நகர முடியாது, நீங்கள்தான் வர வேண்டும் என்று மன்றோவுக்குக் கடிதம் போட்டார். மன்றோ வரவில்லை. காஞ்சிபுரத்தை விட்டுப் போனால் கோயிலில் இருக்கிற தானியம் ஹைதர் கைக்குப் போய்விடும் என்பது அவர் கணக்கு. அதற்குப் பதிலாக கர்னல் பிளெட்சரை ஆயிரம் பேரோடு ராத்திரியில் அனுப்பினார்.

என்னை ரொம்ப யோசிக்க வைத்தது இந்தப் பிளெட்சரின் நடைதான். வழிகாட்டிகள் மேல் அவருக்குச் சந்தேகம் வந்து, போகிற பாதியில் பாதையை மாற்றினார். அவர்கள் ஹைதரிடம் காசு வாங்கிக்கொண்டு, படை காத்திருந்த இடத்துக்கே கூட்டிப்போகிறவர்களாக இருந்தார்கள். பாதையை மாற்றியதால்தான் பிளெட்சர் 9-ஆம் தேதி காலையில் பெய்லியிடம் முழுசாகப் போய்ச் சேர்ந்தார். யோசித்துப் பாருங்கள். மன்றோ கூடாரத்தில் என்ன உத்தரவு போட்டாலும் அது ஹைதர் காதுக்குப் போகிறது. ஹைதர் முகாமில் என்ன நடக்கிறது என்று மன்றோவுக்குத் துளியும் தெரியாது. எங்கள் வேலையில் சொல்வதென்றால், ஒரு பக்கம் லாக் எல்லாம் திறந்து கிடக்கிறது, இன்னொரு பக்கம் திரை கருப்பாக இருக்கிறது. நாட்டு மக்கள் ஏன் கம்பெனிக்குத் தகவல் சொல்லவில்லை என்று பிரிட்டிஷ் எழுத்தாளர்கள் அங்கலாய்க்கிறார்கள். நவாபின் கடனுக்காக வரியைப் பிழிந்தெடுத்தவர்களுக்கு எந்தக் குடியானவன் ஓடிவந்து சொல்லுவான்?

9-ஆம் தேதி ராத்திரி சேர்ந்த படை, கிட்டத்தட்ட 3,800 பேர், பெரம்பாக்கத்திலிருந்து கிளம்பியது. விடிவதற்குள் காஞ்சிபுரம் வந்திருக்கலாம். நடுவழியில் பெய்லி நிறுத்தினார், விடியட்டும் என்று. இவ்வளவு பக்கத்தில் வந்து ஏன் நின்றார் என்று இருநூறு வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த ராத்திரியிலேயே ஹைதர் பெரும்படையைத் திருப்பிவிட்டார். அதுவும் மன்றோவுக்குத் தெரியாது.

10-ஆம் தேதி காலையில் புள்ளலூருக்குப் பக்கத்தில் முதலில் திப்பு, பிறகு ஹைதரே. இரும்புக் குழாய் ராக்கெட்டுகள், பிரெஞ்சு அதிகாரி லாலியின் பீரங்கிகள், சுற்றிக் குதிரைப்படை. பெய்லியின் சதுர வியூகத்துக்கு நடுவில் நின்ற வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. அதோடு கையில் இருந்த மருந்தும் போயிற்று, ஒழுங்கும் போயிற்று. பிளெட்சர் செத்தார். பெய்லி காயத்தோடு சரணடைந்தார். படை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. சிறைப்பட்டவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணம் போனார்கள். பெய்லி 1782 நவம்பரில் அங்கேயே சிறையில் செத்தார். அடுத்த மாதமே ஹைதரும் போய்விட்டார். பிடிபட்டவர்களில் டேவிட் பேர்ட் என்ற கேப்டன் 1784-இல்தான் வெளியே வந்தார். 1799 மே 4 அன்று அதே ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டைக்குள் பாய்ந்த படைக்குத் தலைமை அவர்தான்.

இவ்வளவும் நடக்கும்போது மன்றோ எங்கே? காலையில் குண்டுச் சத்தம் கேட்டுத்தான் கிளம்பினார். கொஞ்ச தூரம் போனதும் புகை தெரிந்தது. பிறகு சத்தமும் நின்றது. தப்பி வந்த சிப்பாய் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. அப்படியே காஞ்சிபுரத்துக்குத் திரும்பி, மறுநாள் கனமான பீரங்கிகளை ஊரில் ஒரு குளத்தில் தள்ளிவிட்டு செங்கல்பட்டு வழியாகப் பரங்கிமலைக்குப் பின்வாங்கினார். எதற்காகப் பெய்லியை விட்டாரோ, அந்தக் காஞ்சிபுரத்தையும் விட்டுவிட்டுத்தான் போனார். சர்வதீர்த்தக் குளத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்குத் தண்ணீரைப் பார்க்கத் தோன்றும். ஆனால் இந்த ஊரில் குளத்துக்கா பஞ்சம், என் கண்ணுக்கு எல்லாமே சந்தேகக் கேஸ்தான்.

ஜெயித்தது யாரோ, தோற்றது யாரோ, நடுவில் இருந்த சீமை நாசமாயிற்று. எரித்த கிராமங்கள், ஓடிப்போன உழவர்கள், அதற்குப் பின்னாலேயே 1781 முதல் 1783 வரை பஞ்சம். தறிக்காரனுக்கு நூலும் வேண்டும், சோறும் வேண்டும், வாங்க ஆளும் வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில் போயிற்று. நான் தறிக்கார வீட்டில் பிறந்தவன், அதனால் இந்த இடத்தை எளிதாகத் தாண்ட முடியவில்லை.

இப்போது 1914. ஐரோப்பாவில் போர் ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது. ஜெர்மன் கப்பல் எம்டன் வங்கக் கடலுக்குள் நுழைந்தது ஒருவருக்கும் தெரியாது. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் கப்பலுக்குப் பொய்யாக ஒரு நாலாவது புகைபோக்கியை மாட்டி வைத்திருந்தார், தூரத்திலிருந்து பார்த்தால் பிரிட்டிஷ் கப்பல் மாதிரி தெரியட்டும் என்று. கொழும்பு–கல்கத்தா வழியில் பொன்டோபோரோஸ் என்ற கிரேக்க நிலக்கரிக் கப்பலை முதலில் பிடித்தார். செப்டம்பர் 10-ஆம் தேதி மாட்டியது 'இண்டஸ்'. துருப்பு ஏற்றுவதற்காக அமர்த்திய பிரிட்டிஷ் கப்பல் அது. எதிரே வருவது நம்ம ஆள்தான் என்று நினைத்து நேராக அதனிடமே போனது. ஆட்களை இறக்கி, வேண்டிய சாமானை எடுத்துக்கொண்டு, கப்பலை மூழ்கடித்தார்கள். எடுத்ததில் எம்டன் மாலுமிகளை ரொம்ப சந்தோஷப்படுத்தியது சோப்பு. கப்பலில் சோப்பு தீர்ந்துபோயிருந்ததாம்.

மறுநாள் லோவாட், அடுத்து கபிங்கா, கில்லின், தேயிலை ஏற்றிய டிப்ளமேட். ஒன்று மூழ்கியது இன்னொன்றுக்குத் தெரியவில்லை, அதனால்தான் வரிசையாக வந்து மாட்டின. 13-ஆம் தேதி லொரெடானோ என்ற இத்தாலியக் கப்பலை நடுநிலை நாட்டுக் கப்பல் என்று முல்லர் விட்டுவிட, அதன் மூலமாகத்தான் 14-ஆம் தேதி கரைக்குச் செய்தி வந்தது. தந்தியும் வயர்லெஸும் இருந்த காலத்தில் நாலு நாள். 1780-இல் பதினைந்து கிலோமீட்டரைத் தாண்டாத தகவல், 1914-இல் ஒரு கடலைத் தாண்டவில்லை. இரண்டு தடவையும் எதிரி நடுவில் நின்றுகொண்டு இரு பக்கத்தையும் பார்த்தான். பார்க்கப்பட்டவர்கள் அவனைப் பார்க்கவில்லை. செய்தி வந்த பிறகாவது முழித்துக்கொண்டார்களா? செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் எம்டன் மதராஸ் துறைமுகத்துக்கு முன்னால் வந்து நின்றபோது ஊரில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றிக்கொண்டதும், மதராஸ் ஜனங்கள் ஊரைக் காலி பண்ணிக்கொண்டு ஓடியதும் எல்லாருக்கும் தெரிந்த கதை.

எங்கள் ஆயா கெட்டிக்காரத்தனமாகத் திருட்டு வேலை பார்க்கிற பேரனை "சரியான எம்டன்டா இவன்" என்பார்கள். அது கப்பல் என்று எனக்குக் காலேஜ் போன பிறகுதான் தெரியும். எதிரியின் கப்பல் பேரை ஒரு பாஷை பாராட்டாக எடுத்துக்கொண்டிருக்கிறது. அதில் கொஞ்சம் வெள்ளைக்காரன் மாட்டினான் என்ற சந்தோஷமும் இருந்திருக்கும்.

சரி, கல்லுக்கு வருவோம். 1781 ஆகஸ்ட் 27-ஆம் தேதி, சர் அயர் கூட் தலைமையில் வந்த கம்பெனிப் படையோடு ஹைதர் அதே புள்ளலூரில் இரண்டாவது தடவை மோதினார். முன்னால் ஜெயித்த இடம், ராசியான இடம் என்று அவர் தேர்ந்தெடுத்ததாகச் சொல்வார்கள். தெளிவான முடிவில்லை, இரண்டு தரப்பும் நாங்கள்தான் ஜெயித்தோம் என்றார்கள். அந்த வயலில் போன வருஷம் செத்தவர்களின் எலும்புகள் அப்படியே கிடந்ததைக் கூட்டின் ஆட்கள் பார்த்தார்கள். இரண்டு தூண்களும் இந்த இரண்டாம் போரில் செத்த இரண்டு அதிகாரிகளுக்கு: லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுன், கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லாப்.

அப்போ செப்டம்பர் 10-க்கு? ஜெயித்தவர் வரைந்து வைத்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்த நாள் முழுசாக இருக்கிறது: வெடிக்கிற மருந்து வண்டி, பல்லக்கில் காயத்தோடு பெய்லி, யானை மேல் ஹைதர். தோற்றவர்கள் அடுத்த வருஷத்துத் தேதியைத்தான் கல்லில் வெட்டினார்கள். பெய்லி படையில் ஐரோப்பியர் சில நூறு பேர்தான், மற்றவர்கள் எல்லாம் இந்தியச் சிப்பாய்கள். மாளிகைச் சுவரில் அவர்கள் ஒரே மாதிரி சிவப்புச் சட்டையில் வரிசையாக நிற்கிறார்கள். புள்ளலூரில் அதுவும் இல்லை.

பழைய குறிப்பில் தேதியை மாற்றிவிட்டேன். நான் கூட்டிப்போன பேர்களில் போன் நம்பர் இருக்கிறவர்களுக்கு ஒவ்வொருத்தராகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். இன்னும் ஆறு பேர் பாக்கி.