டிம் அடிக்காத வண்டிகளும் எங்கள் பிக்கப்பும்

தைப்பூசம் முடிந்த இரண்டாம் நாள், பழனியில் உறவினர் வீட்டு விசேஷத்துக்குச் சீர் சாமான்களை இறக்கிவிட்டு, இரவு ஒன்பது மணி வாக்கில் ஒட்டன்சத்திரம் திரும்பிக்கொண்டிருந்தோம். மைத்துனர் மகனின் பிக்கப் வண்டி. நான் முன்சீட்டில் இருந்தேன். விருப்பாச்சி வருவதற்குள் எதிர் வண்டிகளின் வெளிச்சத்துக்குப் பத்துத் தடவையாவது கையைக் குறுக்கே வைத்து மறைத்திருப்பேன். கண்புரை அறுவை செய்துகொண்ட நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

"நம்ம லைட்டும் இதுக்குக் கொறையாது மாமா. புதுசா எல்இடி போட்டிருக்கேன்" என்றான் அவன்.

குரலில் இருந்த பெருமை எனக்குப் பழக்கமானது. 1994-இல் இதே சாலையில் இவன் அப்பாவும் நானும் அதே பெருமையோடு போய்க்கொண்டிருந்தோம். அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவன். ஹெட்லைட் எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்ப காலக் கார்களில் மண்ணெண்ணெய் விளக்கு இருந்தது. நம் மாட்டுவண்டியின் அடியில் ஆடிக்கொண்டிருந்த அரிக்கேன் விளக்கின் பணக்கார அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு வந்தது கார்பைடு விளக்கு. மாங்காயைப் பழுக்கவைக்கத் திருட்டுத்தனமாகப் போடுகிறார்களே, அதே கார்பைடு கல்தான். அதன்மேல் தண்ணீர் சொட்டினால் அசெட்டிலீன் வாயு வரும். பற்றவைத்தால் நல்ல வெள்ளை வெளிச்சம். சின்ன வயதில் திருவிழாக் கடைகளில் அந்த நாற்றத்தை நுகர்ந்தவர்கள் இதைப் படிப்பவர்களில் சிலராவது இருப்பீர்கள். 1912-இல் அமெரிக்காவின் காடிலாக் கார், சார்லஸ் கெட்டரிங் என்பவர் வடிவமைத்த மின்சார ஸ்டார்ட்டரோடு மின்சார விளக்கையும் சேர்த்துக்கொண்டு வந்தது. ஹேண்டில் போட்டுச் சுற்றுவதும் தீக்குச்சி உரசி விளக்கேற்றுவதும் அத்தோடு முடியத் தொடங்கின.

மின்சாரம் வந்ததும் வெளிச்சத்துக்குப் பஞ்சம் தீர்ந்தது. அதற்கப்புறம் வந்த நூறு வருஷமும் எதிரே வருகிறவன் கண்ணோடுதான் மல்லுக்கட்டு. 1920-களில் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகளை வைத்து, ஒன்று தூரத்துக்கு, ஒன்று கீழே சாய்த்து என்று பிரித்தார்கள். டிம், பிரைட் பிறந்தது அப்படித்தான். அதை மாற்றக் காலடியில் ஒரு பொத்தான். அம்பாசிடர், ஜீப் ஓட்டியவர்களின் இடது கால் பாதத்துக்கு அந்தப் பொத்தான் இன்றும் ஞாபகம் இருக்கும். கிளட்ச்சுக்குப் பக்கத்தில், மழைக்காலத்தில் சேறு அப்பிக்கொண்டு அழுந்தாமல் மக்கர் பண்ணும்.

பிரான்சில் 1930-களின் நடுவில் எல்லா வண்டிக்கும் மஞ்சள் விளக்குதான் என்று சட்டமே போட்டார்கள். கண் கூசாது என்பது அவர்கள் எண்ணம். அறுபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அதைப் பிடித்துக்கொண்டிருந்து 1993-இல் விட்டார்கள். அமெரிக்காவில் 1940 மாடல் வண்டிகளிலிருந்து கண்ணாடி, பிரதிபலிப்பான், இழை மூன்றையும் ஒன்றாக அடைத்த ஏழு அங்குல வட்ட விளக்கு வந்தது. அந்த ஏழு அங்குல அளவு உலகம் முழுக்க நிலைத்தது. நம் ஜீப்பின் இரண்டு உருண்டைக் கண்களும் அதே அளவுதான்.

இங்கே நம் ஊரில் வேறு வைத்தியங்கள் நடந்தன. விளக்கின் மேல்பாதியில் கறுப்பு பெயிண்ட் அடிப்பது ஒன்று. பின்னாளில் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். போலீஸ்காரரே சாலையில் நிறுத்தி ஒட்டிவிடுவார், அடுத்த டீக்கடையில் டிரைவர் கிழித்துவிடுவார். சாலையோரப் புளியமரங்களுக்குக் கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்ததும் ஹெட்லைட்டுக்காகத்தான். மாட்டுவண்டிகளின் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் வந்ததும் அப்படித்தான். அதற்கு முன்னால் இருட்டில் மாட்டின் கண்கள் பச்சையாக மினுங்குவதை வைத்துத்தான் எதிரே வண்டி வருவது தெரியும்.

இனி எங்கள் கதை.

என் மனைவியின் தம்பி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து பாலக்காட்டுக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு போவார். பழனி, மடத்துக்குளம், உடுமலை, பொள்ளாச்சி வழி. ஜீப் முகம் கொண்ட பழைய டீசல் பிக்கப். சாயங்காலம் ஏற்றினால் விடிவதற்குள் இறக்க வேண்டும், எல்லாம் இரவு ஓட்டம்தான். 1994 தை மாதத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வந்தவர் கை நடுங்க உட்கார்ந்தார். எதிரே வந்த லாரி டிம் அடிக்கவில்லை. கண் இருண்டுவிட்டது. தெளிந்தபோது பத்தடி முன்னால் பாதயாத்திரைக் கூட்டம். ஸ்டியரிங்கை ஒடித்துப் புளியமரத்தை உரசி நிறுத்தியிருக்கிறார்.

"மாமா, எதிர்ல வர்றவன் லைட்டுக்கு முன்னால நம்ம லைட்டு செத்த லைட்டு. ஏதாச்சும் பண்ணணும்" என்றார்.

அந்தச் சமயத்தில் ஹாலஜன் பல்ப் நம் பக்கத்துக் கடைகளில் தாராளமாகக் கிடைத்தது. சாதாரண பல்பில் டங்ஸ்டன் இழை கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் கண்ணாடியின் உள்பக்கம் கறுத்துவிடும். ஹாலஜனில் அயோடின் அல்லது புரோமின் ஆவி, ஓடிப்போன டங்ஸ்டனைப் பிடித்து மறுபடி இழையில் கொண்டுவந்து சேர்க்கும். அதனால் இழையை இன்னும் சூடாக எரிக்கலாம். ஐரோப்பாவில் 1962-இல் கார்களுக்கு வந்தது. இரண்டு இழை கொண்ட எச்4 பல்ப் 1971-இல். அதன் முறையான அளவு 60/55 வாட். பிரைட் 60, டிம் 55. ஆனால் கடைக்காரர் எடுத்துக் காட்டியது 100/90. "ராத்திரிய பகலாக்கிடும் சார்." வாங்கச் சொன்னது மைத்துனர் இல்லை, நான்தான். வாட் கூடினால் வெளிச்சம் கூடும் என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும் அல்லவா!

முதல் இரவு நானும் கூடப் போனேன். சத்திரப்பட்டி தாண்டிப் பிரைட் போட்டால் தூரத்து வரப்பில் போகும் நாய் தெரிகிறது. எதிர் வண்டிக்காரர்கள் விளக்கை மினுக்கி மினுக்கிக் கெஞ்சினார்கள். மைத்துனர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஒரு மாதம் ஆகியிருக்கும். மடத்துக்குளம் பக்கம் ரப்பர் தீய்ந்த வாடை வந்து, இரண்டு விளக்கும் சேர்ந்து அணைந்துவிட்டது. அம்பது கிலோமீட்டர் வேகம், ஒரு டன் தக்காளி, கும்மிருட்டு. நல்லவேளை நேர்ச் சாலை. கிளீனர் பையன் டார்ச்சை வெளியே நீட்டிப் பிடிக்க, நடைவேகத்தில் உடுமலை போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டிருந்தால் எனக்கு முன்பே தெரிந்திருக்கும். இரண்டு 100 வாட், 12 வோல்ட், கிட்டத்தட்ட 17 ஆம்பியர். பழைய வயரும் ஸ்விட்சும் 10 ஆம்பியருக்கானவை. உருகாமல் என்ன செய்யும்? வாத்தியார் வீட்டுக் கணக்கு. ஸ்விட்சையும் வயரையும் மாற்றி மறுபடி அதே பல்பைத்தான் போட்டோம்.

1996 தைப்பூசத்துக்கு நான் ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனிக்கு நடந்தேன். 30 கிலோமீட்டர் அளவுதான், பெரிய வேண்டுதல் ஒன்றும் இல்லை. இரவு மூன்று மணி இருக்கும். எங்களுக்கு முன்னால் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குழு. அதில் ஒரு பாட்டி, செருப்பில்லாமல், தலையில் சின்ன மூட்டையோடு, நாலு நாளாக நடந்து வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு பிக்கப் வந்தது. இரண்டு வட்ட விளக்கு, கண்ணைக் குத்தும் வெள்ளை. எல்லாரும் அப்படியே நின்றுவிட்டோம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வண்டி போனபின் இன்னும் கறுப்பாக ஆகிவிட்டது. அந்தக் கறுப்பில் "ஐயோ முருகா" என்று ஒரு சத்தம்.

தார் விளிம்பிலிருந்து கால் நழுவிப் பாட்டி பள்ளத்தில் விழுந்திருந்தார். மணிக்கட்டு ஒடிந்து தொங்கியது. பின்னால் வந்த ஒரு வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். வண்டியில் ஏறும்போதும், நடந்தே வருவதாக வேண்டியிருந்தேனே என்றுதான் அழுதார்.

அந்த பிக்கப் எங்களுடையது அல்ல. ஆனால் எங்களுடையதாக இருந்திருக்கலாம். அதை ஓட்டியவருக்கு எங்களை நூறு மீட்டருக்கு முன்பே தெளிவாகத் தெரிந்திருக்கும். தன் விளக்கு நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டே போயிருப்பார். இரண்டு வருஷமாக நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஊர் திரும்பி மைத்துனரிடம் சொன்னேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி: "நான் மட்டும் கொறச்சா ஆச்சா மாமா? எதிர்ல வர்றவன் கொறைக்கணுமில்ல? அவன் கொறைக்க மாட்டான், நான் குருடனாப் போகணுமா?" இதற்கு என்னிடம் அன்றும் பதில் இல்லை, இன்றும் இல்லை. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் அடுத்தடுத்து இரண்டு விதிகள் இருக்கின்றன. முதலாவது, 155 மீட்டர் தூரத்தில் இருக்கும் ஆளும் வண்டியும் தெரிகிற அளவு விளக்கு வேண்டும் என்கிறது. அடுத்தது, 8 மீட்டர் முன்னால், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணை அது கூசச் செய்யக் கூடாது என்கிறது. முதல் விதிக்காக ஹாலஜன் கடைக்குப் போகிறோம். இரண்டாவது விதிக்காக யாரும் எந்தக் கடைக்கும் போவதில்லை.

"மாப்ளே, அளந்தாவது பார்ப்போம்" என்றேன். மல்டிமீட்டரோடு போனேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட். விளக்கை எரியவிட்டு பல்ப் சாக்கெட்டில் வைத்தால் 11.6. மீதி எல்லாம் வயரிலும் ஸ்விட்சிலும் துருப்பிடித்த எர்த்திலும் போய்விட்டது. இரண்டு வோல்ட்தானே என்று நினைக்காதீர்கள். பல்பின் வெளிச்சம் வோல்டேஜின் மூன்றரை மடிப் பெருக்கம் அளவுக்கு ஏறி இறங்கும். கணக்குப் போட்டால் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சுகிறது. ஆரம்பத்தில் இருந்த "செத்த லைட்டு"க்கும் இதுதான் காரணம். பல்ப் மேல் குற்றமே இல்லை!

முறையான 60/55 பல்புக்கே திரும்பினோம். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர், இரண்டு ரிலே, ஃப்யூஸ், சேசிஸைச் சுரண்டிப் புது எர்த். ஸ்விட்ச் இப்போது ரிலேயை மட்டும் தட்டிவிடும், பாரம் அதன் மேல் இல்லை. பாதி நாள் வேலை.

பிறகு பழைய ரைஸ்மில் சுவருக்கு முன்னால் 25 அடியில் வண்டியை நிறுத்தி, விளக்கின் நடு உயரத்துக்குச் சுண்ணாம்பில் கோடு போட்டு, டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அதற்கு மூன்று அங்குலம் கீழே விழும்படி திருகினேன். எச்4 பல்பில் டிம் இழைக்கு அடியில் கரண்டி மாதிரி ஒரு சிறு தகடு இருக்கும். மேலே போகக்கூடிய வெளிச்சத்தை அது மறைப்பதால் சுவரில் கத்தியால் வெட்டியது போல விளிம்பு விழும். திருப்தியோடு கையைத் தட்டிக்கொண்டேன். அப்போதுதான் மைத்துனர், "லோடு ஏத்துனா மூக்கு தூக்குமே மாமா?" என்றார். படிக்காத மனிதர் என்று நான் அவரைப் பலமுறை நினைத்ததுண்டு. தக்காளிப் பெட்டிகளை ஏற்றிப் பார்த்தோம். பின்பக்கப் பிளேட்டுகள் அமுங்கி, முன்பக்கம் நிமிர்ந்து, அந்த வெட்டு விளிம்பு சுண்ணாம்புக் கோட்டுக்கு மேலே ஏறி நின்றது. பிக்கப் வண்டிகளின் டிம் ஏன் பிரைட் மாதிரி அடிக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. லோடு ஏற்றிய நிலையிலேயே மறுபடி திருகினோம். காலி வண்டியில் வெளிச்சம் கொஞ்சம் கிட்டத்தில் விழும், பரவாயில்லை என்றார். எதிர் வண்டிகள் மினுக்குவது நின்றது. வண்டியை 2007-இல் விற்கும்வரை அந்த விளக்குதான்.

இதற்கிடையில் 1991-இலேயே பி.எம்.டபிள்யூ. காரில் செனான் விளக்கு வந்தாயிற்று. பிறகு எல்இடி. நீல எல்இடிக்காக மூன்று பேருக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. எல்இடிக்கென்றே செய்த விளக்கில் அது நன்றாகத்தான் இருக்கிறது. ஹாலஜனுக்காகச் செய்த கிண்ணத்துக்குள் எல்இடி பல்பைச் செருகும்போது, இழை இருந்த இடம் ஒன்று, ஒளி கிளம்புகிற இடம் ஒன்று என்று ஆகி வெளிச்சம் சிதறுகிறது. அறுபது வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சமோ இருபது வயதில் போனதில் மூன்றில் ஒரு பங்குதான். அதிலும் ஒரு பகுதி உள்ளேயே கலங்கிச் சிதறுகிறது.

அன்றிரவு வீட்டுக்குப் போகும் வழியில் மைத்துனர் மகனை ரைஸ்மில் பக்கம் திருப்பச் சொன்னேன். மில் போய்க் கல்யாண மண்டபம் வந்துவிட்டது, அந்தப் பக்கச் சுவர் மட்டும் அப்படியே நிற்கிறது. முன்னால் நிறுத்தி இறங்கிப் பார்த்தோம். வெட்டு விளிம்பே இல்லை. சுவர் முழுக்க வெளிச்சம், சுவரைத் தாண்டி வேப்பமரத்தின் உச்சிக் கிளை வரைக்கும்.

"டிம்லதான் மாமா இருக்கு" என்றான்.

கழற்றிய பழைய பல்புகள் டேஷ்போர்டு பெட்டியிலேயே இருக்கின்றனவாம். ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிடுகிறேன் என்றான். இரண்டு ஞாயிறு போய்விட்டது.