கல்லிலிருந்து பொன்

அலிப்பூர் முதலிய கொல்கத்தாப் பகுதிகளில் வாழும் தமிழராகிய நாம், ஊர் செல்லச் சென்னை வண்டி ஏறினால், ஜலேசுவரத்தின் அருகே சுவர்ணரேகை ஆற்றைக் கடக்கிறோம். பொற்கோடு என்பது அப்பெயரின் பொருள். அது வெறும் அலங்காரப் பெயரன்று. ஆற்றின் மேற்பகுதியில், ஜார்க்கண்டுச் சிற்றூர்களில், ஏழைக் குடும்பத்தினர் இன்றும் மணலை மரத்தட்டில் அரித்துப் பொற்றுகள் எடுக்கின்றனர். நாள் முழுதும் நீரில் நின்று ஓர் அரிசியளவு கிடைத்தால், அது நல்ல நாள்.

அரிப்பின் தத்துவம் எளிது. பொன் தண்ணீரைப்போல் 19 மடங்கு கனமுடையது. வெங்கச்சங்கல்லோ மூன்று மடங்குகூட இல்லை. தட்டைச் சுழற்றினால் மணல் நீரோடு விளிம்பைக் கடந்துவிடும். பொன் அடியில் தங்கும். நம் ஊர்ப் பொற்கொல்லர் தெருக்களில் பட்டறைக் குப்பையைக் கழுவிய அரிப்புக்காரரும் செய்தது இதுவே.

கல்லுக்குள் பொன் இருப்பின் வேலை கடினம். முதலில் கல்லை மாவாக இடிக்க வேண்டும். பொழுதுபோக்காகக் கல் பொறுக்குவோர் பெரும்பாலும் ஏமாறுவதும் இங்கேதான். இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு கனிமம் பொன்னைவிடப் பகட்டாக மின்னும். சுத்தியலால் தட்டினால் அது நொறுங்கும், பொன்னோ தகடாகும்.

இந்தக் கைத்தொழிலை 1802-இல் மைசூர் நாட்டில் நேரிற் கண்டவர் லெப்டினன்ட் ஜான் வாரன். எல்லை அளக்கச் சென்றவர், கோலார்ப் பக்கத்து மண்ணில் பொன் உண்டு என்ற பேச்சைக் கேட்டுப் பரிசு அறிவித்தார். ஊரார் மண்ணை வண்டியில் கொணர்ந்து, அவர் கண்முன்னே அரித்துக் காட்டினர். மாரிக்குப்பத்தில் ஆடவர் குழியினுள் இறங்கிக் கல் வெட்டினர்; கூடை கைமாறி மேலே வந்தது; பெண்கள் அதை இடித்துப் பொடியாக்கினர். (இதே வாரன்தான் பிற்காலத்தில், சோழிகளைத் தரையில் அடுக்கிக் கிரகணம் கணித்த தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைப் புதுச்சேரியில் கண்டு, அம்முறையை 1825-இல் வெளிவந்த தம் நூலில் பதிந்தவர்.)

வாரன் எழுதிய குறிப்பைப் பல்லாண்டு கழித்துப் படித்தார் மைக்கேல் பிட்சரால்டு லவெல் என்னும் அயர்லாந்துக்காரர். நியூசிலாந்துப் போரில் பணியாற்றி, பெங்களூர்த் தண்டில் குடியிருந்தவர். 1871-இல் மாட்டுவண்டி ஏறிக் கோலார் சென்றார், ஈராண்டு தேடினார், 1873-இல் உரிமம் வேண்டி மைசூர் அரசுக்கு எழுதினார். பொன் தோண்டும் உரிமம் கைக்கு வந்தபோது, கைப்பணம் கரைந்துவிட்டது. 1877-இல் உரிமையைப் பிறருக்கு மாற்றினார். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தது. பிறகே சுரங்கம் செழித்தது.

பெங்களூரில் ஒரு சாலை இன்றும் லவெல் பெயரைத் தாங்குகிறது. அவருடைய ஊக்கத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் கல் இடித்த அப்பெண்களில் ஒருவர் பெயரையேனும் வரலாறு குறித்து வைக்கவில்லையே! அவர்கள் கையறிவு இன்றேல் வாரனுக்கு எழுத என்ன இருந்திருக்கும்?

சுரங்கம் ஆழமாக ஆக, ஆள் வேண்டியிருந்தது. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் குடும்பம் குடும்பமாகக் கோலார் சென்றனர். பிற மாநிலத்தில் வாழும் நமக்கு அவர்கள் மூத்த தலைமுறையினர். அழுத்தந் தாங்காது பாறை வெடித்து மாண்டோரும், கல்தூசி நெஞ்சில் படிந்து நலிந்தோரும் அவர்களிற் பலர். குழிகள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழ்ந்தன. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது.

அரிப்புக்கு அகப்படாத நுண்பொன்னைப் பிரிக்க, 1887-இல் ஸ்காட்லாந்தில் சயனைடு முறை கண்டனர். அதற்கு முன்னரே வழக்கிலிருந்தது பாதரசம். பொன்னைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும், சூடாக்கினால் ஆவியாகிப் பொன்னை விடும். இவ்விரண்டும் கொடிய நஞ்சு. வீட்டு முற்றத்தில் ஆசைக்குச் செய்து பார்க்கத்தக்கன அல்ல. உரிமமின்றிக் கனிமம் தேடுவதையும் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

பொன் பிரித்த பின் கொட்டிய கழிவுமண் கோலார் தங்கவயலில் குன்றுகளாய் நிற்கிறது. ஊரார் அதனைச் சயனைடு மலை என்பர். கோடையில் காற்றடித்தால் அதன் தூசி வீடுகளுக்குள் புகும். அதனுள் இன்னும் சிறிது பொன் உண்டு. அக்குன்றுகளில் 13-ஐ மீண்டும் பதப்படுத்த 2024-இல் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது.