கேட்டால்தான் சொல்வார்கள்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

என் அம்மா கடைசிக் காலத்தில் இடது காலைச் சற்றுச் சாய்த்தே நடப்பார். கேட்டால், "வயசானா அப்படித்தான்டா" என்பார். பிரஷர் மாத்திரைக்காக மாதாமாதம் குடும்ப டாக்டரிடம் அழைத்துப் போனவன் நான்தான். அங்கே காலைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் உள்ளங்காலைப் பார்த்தோம். பெரிய கால் ஆணி. எத்தனை நாளாக மிதித்து நடந்தாரோ!

இதே கதை ஸ்காட்லாந்தில் ஆராய்ச்சியாகவே வந்திருக்கிறது.

பிரிட்டனில் 1948 முதல் எல்லோருக்கும் ஒரு குடும்ப மருத்துவர் உண்டு. பார்க்கக் கட்டணம் கிடையாது. உடம்பு சரியில்லாதவர் தானே வருவார், வராதவர் நன்றாக இருக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எடின்பரோவில் முதியோர் மருத்துவரான ஜேம்ஸ் வில்லியம்சன் அதைச் சோதித்துப் பார்த்தார். மூன்று குடும்ப மருத்துவர்களின் பதிவேடுகளிலிருந்து 65 வயது தாண்டிய 200 பேரை எடுத்துக்கொண்டு, அவரும் கூட்டாளிகளும் முழுமையாகப் பரிசோதித்தார்கள். 1964இல் லான்செட் இதழில் முடிவு வெளிவந்தது.

ஒருவருக்குச் சராசரியாக மூன்றுக்கு மேல் குறைகள். அதில் பாதிக்கு மேல் அவரவர் மருத்துவருக்கே தெரியாது! இதயம், நுரையீரல் கோளாறுகள் பெரும்பாலும் தெரிந்திருந்தன. பாதம், மூட்டு, சிறுநீர்த் தொல்லை, ரத்தசோகை, மனச்சோர்வு, மறதி இவைதாம் மறைந்து கிடந்தன. காசு இல்லாமல் மறைக்கவில்லை. வயோதிகம் என்றால் இப்படித்தான் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். சிறுநீர் விஷயத்தில் வெட்கமும் இருந்திருக்கும், வேறென்ன?

அதன் பிறகு 26 ஆண்டுகள் கழித்து, 1990இல்தான் அரசு அசைந்தது. 75 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்கு அழைப்பு விடுக்க வேண்டும் என்று குடும்ப மருத்துவர்களின் ஒப்பந்தத்திலேயே சேர்த்தார்கள். நடமாட்டம், கண், காது, மனநிலை, சிறுநீர்க் கட்டுப்பாடு, சாப்பிடும் மருந்துகள், வீட்டுச் சூழல் எல்லாம் அதில் அடக்கம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் 106 மருத்துவ நிலையங்களில் 43,000க்கும் மேற்பட்ட முதியவர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2004இல் வந்தபோது, இறப்பிலோ ஆஸ்பத்திரிச் சேர்க்கையிலோ பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கண் பரிசோதனை செய்துகொண்டவர்களின் பார்வையும் மற்றவர்களைவிட மேம்பட்டிருக்கவில்லை. அதே ஆண்டு புதிய ஒப்பந்தத்தில் அந்தக் கட்டாயமும் போய்விட்டது.

இதைப் படித்ததும் எனக்கு ஏமாற்றம். யோசித்தபோது பரீட்சைதான் நினைவுக்கு வந்தது. பரீட்சை வைத்ததால் மட்டும் எந்தப் பையனுக்குக் கணக்கு வந்தது? தப்பு விட்ட இடத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தால்தானே வரும்? கண் மங்கல் என்று தாளில் எழுதிவிட்டு, கண்ணாடி வாங்கினாரா என்று யாரும் பார்க்காவிட்டால் என்ன பயன்? ஆனால் வில்லியம்சன் கண்டதை இந்த ஆய்வு பொய்யாக்கவில்லை என்பது என் எண்ணம். அம்மாவின் காலை யாராவது ஒருவர் பார்த்திருந்தால் போதும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் வலது பாதம் ஆறு மாதமாக மரத்துப்போனது போல இருக்கிறது. சர்க்கரை மாத்திரைக்காக இரண்டு முறை டாக்டரிடம் போய் வந்தும் சொல்லவில்லை. வரும் சனிக்கிழமை செருப்பைக் கழற்றிக் காட்டப் போகிறேன். மகளையும் கூட வரச் சொல்லியிருக்கிறேன். அவள் இருந்தால் மறைக்க முடியாது.