தகுதியற்றவர் நடத்திய போர்

அமெரிக்க விடுதலைப் போர் என்றதும் நாம் வாஷிங்டனைப் பற்றிப் பேசுகிறோம். இலண்டனில் அமர்ந்து அப்போரை நடத்திய அமைச்சரைப் பற்றிப் பேசுவதே இல்லை. அவர் டோர்செட் கோமகனின் மகன் ஜார்ஜ் சேக்வில் (1716–1785).

1759 ஆகஸ்டு 1. செருமனியின் மிண்டன் போர்க்களம். பிரெஞ்சுப் படை நிலைகுலைந்தது. பிரித்தானியக் குதிரைப்படை பாய்ந்திருந்தால் வெற்றி முழுமையாகியிருக்கும். தலைமைத் தளபதி பிரன்சுவிக் இளவரசர் பெர்டினாண்டு மீண்டும் மீண்டும் ஆணை அனுப்பினார். குதிரைப்படைக்குத் தலைமை தாங்கிய சேக்வில், ஆணைகள் முரண்படுகின்றன என்று கூறித் தயங்கினார். காலம் கடந்தது, பகைவர் தப்பினர்.

கோழை என்றனர் பலர். ஆனால், 1745இல் பாண்டெனாய்ப் போரில் காயமுற்றவர் அவர். இளவரசரோடு இருந்த பிணக்கும் குடிப்பெருமையுமே அவரைத் தடுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

1760இல் அவரே கேட்டுப் பெற்ற இராணுவ நீதிமன்ற விசாரணை, எந்தப் படைப்பணிக்கும் தகுதியற்றவர் என்று அவரைத் தீர்த்தது. அதே ஆண்டில் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் மறைந்தார். புதிய மன்னரின் ஆட்சியில் சேக்வில் அரசியலில் மெல்ல உயர்ந்தார். 1770இல் ஒரு சொத்துரிமைக்காகத் தம் பெயரையும் ஜெர்மெயின் என மாற்றிக்கொண்டார்.

1775இல் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கான அமைச்சரானார். படைப்பணிக்கே தகுதியற்றவரிடம் ஒரு போரையே ஒப்படைத்தனர்! 1777இல் பர்கோயின் கனடாவிலிருந்து அல்பனி நோக்கி இறங்கவும், ஹோவ் பிலடெல்பியாவைத் தாக்கவும் இசைவளித்தார். இரு திட்டங்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. தனித்து நின்ற பர்கோயின் சரடோகாவில் சரணடைந்தார். மிண்டனில் ஆணைகள் முரண்பட்டன என்று வாதிட்டவர் இவர்தாம்!

1781இல் யார்க்டவுனும் வீழ்ந்தது. மறு ஆண்டு பதவி விலகியவருக்கு மன்னர் வைகவுண்ட் பட்டம் வழங்கினார். 1760ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காட்டிப் பிரபுக்கள் அவையில் சிலர் எதிர்த்தனர். அது எடுபடவில்லை.