கவி: ஒரு கரையோரப் பொருள்

வடமொழியில் கவி என்றால் பாடுபவர். அவர் பாடியது காவியம். தமிழ் அந்த வேறுபாட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டியல் நூல்கள் சொல்லும் ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்னும் நால்வகைக் கவி பாட்டையும் குறிக்கும், புலவரையும் குறிக்கும். கிழக்கிலங்கையில் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் அதே சொல் குறுகி, பெரும்பாலும் காதலைப் பேசும் நாலடி வாய்மொழிப் பாட்டுக்குப் பெயராகிவிட்டது. எழுத்தறியாதவர்கள் ஒரு கலைச்சொல்லைப் பிழையாகப் பிடித்துக்கொண்டார்கள் என்று படித்தவர் சொல்லக்கூடும். அப்படியல்ல. தாலாட்டுக்கு அங்கே தனிப்பெயர் உண்டு. அதை யாரும் கவி என்பதில்லை. வகை பிரித்துப் பெயரிடுவதுதானே இலக்கணக்காரர் வேலை!

'நாட்டார் பாடல்' என்றால் போதாதா என்பது அடுத்த கேள்வி. போதாது. அது ஆய்வாளர் பிற்காலத்தில் வைத்த பொதுப்பெயர். கவியின் உயிரான மறைபொருளை அது காட்டாது. மச்சானை, மச்சியை நேரே விளித்தாலும், ஆசையைச் சொல்ல வேண்டிய இடத்தில் கிளியும் பயிரும் வந்து நிற்கும். உவமிக்கப்படும் பொருளை வெளியே சொல்லாமல் கேட்பவர் ஊகத்துக்கு விடும் இந்த முறையைத் தொல்காப்பியர் உள்ளுறை உவமம் என்றார். சங்கப் பாட்டில் அதைத் தேடிக் களைக்கும் மாணவருக்கு, ஆசிரியர்கள் முதலில் ஊர்க் கவி ஒன்றைச் சொல்லிக் கொடுக்கட்டும்.